வலப்பக்கம் வளர்ந்த விசைப்பலகை

இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒத்துவராத பொருள்களைக் கணக்கெடுக்கும்போது கத்தரிக்கோல், வலப்புறம் எழுதுபலகை வைத்த கல்லூரி நாற்காலி ஆகியவற்றோடு கணினி கீபோர்டையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். காரணம் இல்லாமல் இல்லை. எண் விசைகள் வலது கோடியில் இருக்கின்றன. அம்புக்குறி விசைகளும் வலப்பக்கம். என்டர், பேக்ஸ்பேஸ் இரண்டும் வலக்கைச் சுண்டுவிரலின் பொறுப்பு. மவுஸுக்கும் வலப்புறமே இடம் ஒதுக்குகிறார்கள். மனிதர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இடக்கைக்காரர். மீதி ஒன்பது பேரை மனத்தில் வைத்து யாரோ வரைந்த பலகை இது என்று நினைக்கத் தோன்றும். வரலாற்றைப் புரட்டினால் அப்படி ஒருவர் உட்கார்ந்து வரைந்ததற்குத் தடயமே கிடைப்பதில்லை. ஆங்கில எழுத்து விசைகளின் வரிசை இடக்கைக்கே அதிக வேலை கொடுத்தது. தட்டச்சு இயந்திரத்தின் பெரிய நெம்புகோலும் இடக்கைப் பக்கம்தான் இருந்தது. இன்று நாம் காணும் வலப்பக்கம், வேறு வேறு இயந்திரங்களிலிருந்து வேறு வேறு காலத்தில் வந்து ஒட்டிக்கொண்ட துண்டுகளால் ஆனது. ஒட்டியதைப் பிரிக்க முடியும். இடக்கைக்காரர்களுக்காகக் கீபோர்டை அப்படியே இடம் வலமாகத் திருப்பிப்போடும் யோசனை பரவாமல் போனதற்கும், பகுதிகளைக் கழற்றி வேண்டிய பக்கம் வைக்கவிட்ட யோசனை நிலைத்ததற்கும் இதுவே காரணம் என்பது என் வாதம்.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் கிறிஸ்டோபர் லேத்தம் ஷோல்ஸ், கார்லோஸ் கிளிடன், சாமுவேல் சோல் ஆகிய மூவர் 1868இல் காப்புரிமை பெற்ற இயந்திரத்துக்குப் பியானோவில் இருப்பதைப் போன்ற விசைகள் இருந்தன. ஐந்தாண்டுத் திருத்தங்களுக்குப் பின், 1873இல், நியூயார்க் மாநிலத்து இலியன் ஊரில் துப்பாக்கியும் தையல் மெஷினும் செய்துகொண்டிருந்த ரெமிங்டன் நிறுவனம் அதைத் தயாரிக்க ஒப்புக்கொண்டது. 1874இல் விற்பனைக்கு வந்த முதல் மாதிரியில் தையல் மெஷினின் சாயல் அப்படியே தெரிந்தது. உடம்பெங்கும் பூவேலை, வரி முடிந்ததும் தாளைத் தாங்கிய வண்டியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர ஒரு கால்மிதி. வரி மாற்றும் வேலை அன்றைக்கு எந்தக் கைக்கும் இல்லை, காலுக்குத்தான். எழுத்து வரிசை ஏன் அப்படி அமைந்தது என்பதில் இன்றும் கருத்து ஒன்றுபடவில்லை. அடுத்தடுத்து எழும் அச்சுக்கம்பிகள் மோதிச் சிக்கிக்கொள்ளாமல் இருக்க எழுத்துகளை விலக்கிவைத்தார்கள் என்பது பழைய விளக்கம். முதலில் பயன்படுத்திய தந்தி அலுவலர்களின் தேவை அதில் புகுந்தது என்பது ஜப்பானிய ஆய்வாளர்கள் கோயிச்சி யசுவோகாவும் மோட்டோக்கோ யசுவோகாவும் முன்வைக்கும் விளக்கம். இரண்டில் எதை எடுத்துக்கொண்டாலும் கைப்பழக்கம் என்ற கேள்வி அதில் வரவே இல்லை. நடுவரிசையில் டி, எஃப், ஜி, ஹெச், ஜே, கே, எல் என்று அகரவரிசையின் எச்சம் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாலே போதும். இது விரல்களை எண்ணிப் பார்த்துத் திட்டமிட்ட வரிசை ஆகாது. பழைய வரிசை ஒன்றைத் தேவைக்கேற்பக் கலைத்துக் கலைத்து வந்த மிச்சம். அன்றைய பயனர்களில் பலரும் விசைகளைப் பார்த்து ஓரிரு விரல்களால் குத்தியவர்கள். அவர்களுக்கு எந்தக் கை எந்த எழுத்தை அடிக்கிறது என்பது பொருட்டே இல்லை.

அது பொருட்டானது விசைகளைப் பார்க்காமல் எல்லா விரல்களாலும் அடிக்கும் முறை வந்த பிறகு. 1888 ஜூலையில் சின்சினாட்டியில் நடந்த போட்டியில் சால்ட் லேக் சிட்டியைச் சேர்ந்த நீதிமன்றச் சுருக்கெழுத்தர் ஃபிராங்க் மெக்கரின் லூயி டிராபை வென்றார். பலகையை மனப்பாடமாக வைத்திருந்த மெக்கரினின் வெற்றி செய்தித்தாள்களில் வந்து, அந்த முறைக்கு விளம்பரமாக அமைந்தது. அதன்பின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு விரல் நிரந்தரமாக ஒதுக்கப்பட்டது. நம் ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்த எவருக்கும் முதல் நாள் பாடமான ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே’ நினைவிருக்கும். விரல் ஒதுக்கீடு என்பது அதுதான். கைகளுக்கு நடுவே கோடு விழுந்ததும், வேலைப் பங்கீடு எவ்வளவு கோணல் என்பது வெளிப்பட்டது. ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் ஈ, டி, ஏ, எஸ், ஆர் ஆகிய எழுத்துகள் எல்லாம் இடப்பாதியில் கிடக்கின்றன. ‘வாட்டர்’, ‘ஆஃப்டர்’, ‘ஸ்டேட்’ போன்ற சொற்களை ஆங்கிலத்தில் அடிக்கும்போது வலக்கை சும்மா இருக்கும். இடக்கை மட்டுமே அடிக்கும் சொற்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. வலக்கை மட்டுமே அடிப்பவை சில நூறுதான். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஆகஸ்ட் டிவோராக்கும் உடன் உழைத்தவர்களும் 1930களில் கணக்கெடுத்தபோது, ஆங்கிலத் தட்டச்சில் ஏறத்தாழ 57 சதவீத வேலை இடக்கையின் தலையில் விழுவதைக் கண்டார்கள்.

அப்படியானால் க்வெர்ட்டி எனப்படும் இந்த வரிசை இடக்கைக்காரர்களுக்குச் சாதகம் என்று சொல்லலாமே என்ற கேள்வி எழும். ஓரளவு சொல்லலாம். பேனாவால் எழுதும்போது எழுதிய மையின்மேலேயே கை இழுபட்டு அழிவதும், பள்ளியில் கையைத் தட்டி மாற்றவைப்பதும் தட்டச்சில் கிடையாது. பலகையின் முன் இரு கைகளும் கூட்டாளிகள். ஆனால் இதைத் திட்டமிட்ட சலுகையாக எடுத்துக்கொள்ள முடியாது. டிவோராக் அதைக் குறையாகவே பார்த்தார். பெரும்பான்மையினரின் வலுவான கைக்குக் குறைந்த வேலையா என்பதே அவருடைய மனக்குறை. 1936இல் அவரும் மைத்துனர் வில்லியம் டீலியும் காப்புரிமை பெற்ற வரிசையில் உயிரெழுத்துகள் ஐந்தும் இடக்கையின் நடுவரிசைக்குப் போயின. அடிக்கடி வரும் மெய்கள் வலக்கைக்கு வந்தன. வேலையில் சற்றே கூடிய பங்கும் வலக்கைக்கு மாறியது. இந்த வரிசை உண்மையிலேயே வேகமானதா என்ற சண்டை வேறு. 1944இல் அமெரிக்கக் கடற்படை நடத்திய சோதனை அதற்குச் சாதகமாக வந்தது; 1956இல் ஏர்ல் ஸ்ட்ராங் அரசுக்காக நடத்திய சோதனை பாதகமாக வந்தது. பொருளாதார அறிஞர் பால் டேவிட் 1985இல் க்வெர்ட்டியைப் பழக்கத்தால் பூட்டிக்கொண்ட தொழில்நுட்பத்துக்கு உதாரணமாகக் காட்டினார். லீபோவிட்ஸ், மார்கோலிஸ் இருவரும் 1990இல் அந்தக் கதையையே மறுத்தார்கள். நம் கேள்விக்கு அந்த முடிவு தேவையில்லை. எழுத்து வரிசையை வைத்து ஒரு கைக்கு வேலையைக் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்பதையும், முதல் முறை அது யாரும் நினைக்காமலே இடக்கைக்குக் கூடியது என்பதையும் டிவோராக்கின் கணக்கு நிறுவியது. அதுவே போதும்.

இந்தப் பங்கீடு பலகையை மட்டும் பொறுத்ததல்ல, மொழியையும் பொறுத்தது என்பதற்குத் தமிழிலேயே சான்று இருக்கிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி உருவாகி, தமிழக அரசின் ஏற்பைப் பெற்ற தமிழ்99 அமைப்பில் உயிர்கள் இடப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கம். அகரம் ஏறிய மெய்யை ஒரே தட்டில் பெறலாம். ‘மரம்’ என்று அடிக்க ம, ர, ம மூன்றும் வலக்கைக்கு, புள்ளி ஒன்றே இடக்கைக்கு. ‘தமிழ்’ என்பதில் த, ம, ழ வலக்கைக்கு, இகரமும் புள்ளியும் இடக்கைக்கு. ‘வணக்கம்’ என்பதில் வகரம் இடக்கை. ண, க, க, ம நான்கும் வலக்கை. கடைசிப் புள்ளி மீண்டும் இடக்கை. க இருமுறை வந்தால் முதல் ககரத்துக்கு மென்பொருளே புள்ளி வைத்துவிடுகிறது. ஆக, அதே பலகையில் ஆங்கிலம் அடிப்பவரின் இடக்கை களைக்கும். தமிழ்99இல் அடிப்பவரின் வலக்கைக்குத்தான் வேலை அதிகம். மேசையில் கிடக்கும் பொருள் ஒன்றே. இதைப் பார்த்த பிறகும் கீபோர்டு என்ற பொருள் பிறவியிலேயே வலக்கைக்கானது என்று சொன்னால், எழுத்து விசைகளைப் பொறுத்தவரை அது எடுபடாது. வலச்சாய்வு உண்மைதான், அதைத் தேட வேண்டிய இடம் எழுத்துகளுக்கு வெளியே.

எழுத்துகளுக்கு வெளியே முதலில் நடந்தது வரி மாற்றும் வேலையின் இடமாற்றம். கால்மிதி விரைவிலேயே போய்விட்டது. இருபதாம் நூற்றாண்டில் உலகமெங்கும் பரவிய கையியக்க டைப்ரைட்டர்களில் பெரும்பாலானவற்றில் வண்டியைத் தள்ளும் நெம்புகோல் இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. இதற்கும் கைப்பழக்கத்துக்கும் தொடர்பில்லை. ஆங்கிலமும் தமிழும் இடமிருந்து வலமாக ஓடுவதால் எழுத எழுத வண்டி இடப்புறம் நகர்கிறது. வரி முடியும்போது அது இடது கோடியில் நிற்கிறது. அதை வலப்புறம் தள்ள வசதியான கை இடக்கை. மணி அடித்ததும் இடக்கையை உயர்த்தி ஒரே வீச்சில் வண்டியைத் தள்ளுவதுதான் அந்தக் காலத்துத் தட்டச்சரின் அடையாளம். மின்சாரம் வந்ததும் இந்த இயக்கவியல் காரணம் காலாவதியானது. ஐபிஎம் 1961இல் வெளியிட்ட செலக்ட்ரிக்கில் நகரும் வண்டியே கிடையாது, எழுத்துருண்டைதான் நகர்ந்தது. வரி மாற்ற வலக்கைச் சுண்டுவிரல் பக்கம் ஒரு விசை போதுமாக இருந்தது. தந்தி அச்சுப்பொறிகளிலும் பின்னர் கணினி முனையங்களிலும் ரிட்டர்ன் விசை அங்கேயே நின்றது. இன்றைய என்டர் அதன் வாரிசு. இடக்கையின் மிகப் பெரிய வேலை இப்படிச் சத்தமில்லாமல் வலக்கையின் மிகச் சிறிய விரலுக்குப் போய்ச்சேர்ந்தது.

அடுத்து வந்தவை எண்கள். இவை டைப்ரைட்டர் வம்சத்தைச் சேர்ந்தவையே அல்ல. கூட்டல் இயந்திரத்தின் வழி வந்தவை. இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டில் டேவிட் சண்ட்ஸ்ட்ராண்ட் 1914 வாக்கில் உருவாக்கிய பத்து விசைக் கூட்டல் இயந்திரத்தில் மேலே 7, 8, 9. நடுவில் 4, 5, 6. கீழே 1, 2, 3. அதற்கும் அடியில் பூஜ்யம். இன்றைய நம்பர் பேட் அதே அமைப்புதான். கணக்கரின் வேலைமுறையும் கூடவே வந்தது: இடக்கை ரசீதுகளைப் புரட்டும், வலக்கை எண்களை அடிக்கும். துளையட்டை அடிக்கும் ஐபிஎம் இயந்திரங்களிலும் எண்கள் வலக்கை எழுத்து விசைகளின் மேல் கொத்தாக அமர்ந்திருந்தன. 1981இல் வெளிவந்த ஐபிஎம் பிசியின் 83 விசைப் பலகையில் இடம், வலம் இரண்டிலும் எடை இருந்தது. எஃப்1 முதல் எஃப்10 வரையிலான விசைகள் இடது ஓரத்தில் இரண்டு வரிசையாக நின்றன. வலது ஓரத்தில் நம்பர் பேட், அதன் மேலேயே அம்புக்குறிகளும். கன்ட்ரோல் விசை ஒன்றே ஒன்று, இடப்பக்கம். 1980களின் நடுவில் வந்த 101 விசைப் பலகை இந்தச் சமநிலையைக் கலைத்தது. எஃப் விசைகள் மேலே ஏறின. இடது ஓரம் காலியானது. எழுத்துகளுக்கும் நம்பர் பேடுக்கும் நடுவே அம்புக்குறிகளுக்கும் இன்சர்ட், டெலீட் முதலியவற்றுக்கும் தனி இடம் வந்தது. இன்று அலுவலகங்களில் கிடக்கும் பலகை அடிப்படையில் அதுவே.

அந்த மாற்றத்தின் விளைவை ஸ்கேல் வைத்தே அளந்துவிடலாம். இடைவெளியோடு சேர்த்து விசை ஒன்றின் அகலம் சுமார் 19 மில்லிமீட்டர். சட்டத்தை விட்டுவிட்டு விசைகளை மட்டும் எண்ணினால் முழு அளவுப் பலகையின் அகலம் இருபத்திரண்டரை விசை, அதாவது ஏறத்தாழ 43 சென்டிமீட்டர். தட்டச்சு செய்பவரின் உடல்நடு ஜி, ஹெச் விசைகளுக்கு இடையில் வரும். அங்கிருந்து இடது விளிம்பு 13 சென்டிமீட்டர் தொலைவு; வலது விளிம்பு 30 சென்டிமீட்டர். வலப்புறம் மவுஸ் வைப்பவர் ஒவ்வொரு முறையும் தோளை அகட்டி முப்பது சென்டிமீட்டருக்கு அப்பால் கையை நீட்டுகிறார். இடப்புறம் வைப்பவர் அதில் பாதிகூட நீட்ட வேண்டியதில்லை. மவுஸ் உடலுக்கு அருகில் இருக்கட்டும், முழங்கை விலாவை ஒட்டி இருக்கட்டும் என்பதே பணிச்சூழலியல் வல்லுநர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் அறிவுரை. அந்த அளவுகோலில், வலக்கைக்காரருக்கானது என்று நாம் ஏசும் பலகை வலக்கைக்காரரின் தோளையே அதிகம் வருத்துகிறது. மவுஸை இடக்கையில் பிடிக்கும் இடக்கைக்காரருக்குத் தொலைவு என்ற விஷயத்தில் கொடுத்துவைத்திருக்கிறது. அவருடைய சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது.

மவுஸை உருவாக்கிய டக்ளஸ் எங்கல்பார்ட் இரு கைகளைப் பற்றியும் யோசித்தவர். கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் 1964 வாக்கில் அவருடைய வடிவமைப்பைப் பில் இங்கிலீஷ் மவுஸாகச் செய்துகொடுத்தார். 1968 டிசம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த புகழ்பெற்ற செயல்விளக்கத்தில் எங்கல்பார்ட்டின் வலக்கையில் மவுஸ் இருந்தது. இடக்கையின் கீழ் ஐந்தே விசைகள் கொண்ட சிறு கருவி இருந்தது. ஐந்தையும் தனியாகவும் சேர்த்தும் அழுத்தினால் 31 விதமான குறிகள் கிடைக்கும். எழுத்துகள் அனைத்தையும் அதிலேயே அடிக்கலாம். கீபோர்டு நடுவில், இரு பக்கமும் இரு தனிக் கருவிகள். இடத்தை மாற்றிவைத்தால் இடக்கைக்காரருக்கும் அதே வசதி கிடைத்திருக்கும். ஜெராக்ஸின் ஆல்ட்டோ கணினி வரை அந்த ஐந்து விசைக் கருவி தொடர்ந்தது. பழகக் கடினம் என்று வணிகக் கணினிகள் அதைக் கைவிட்டன. மவுஸை மட்டும் எடுத்துக்கொண்டன. இடக்கை இப்போது வேலையின்றி நிற்க, அதற்கு வேலை கொடுத்தவை ஷார்ட்கட் விசைகள். ஆப்பிளின் லிசாவிலும் 1984இன் மேக்கின்டாஷிலும் செயல்தவிர், வெட்டு, நகலெடு, ஒட்டு ஆகிய கட்டளைகள் கீழ்வரிசையின் இசட், எக்ஸ், சி, வி விசைகளில், கமாண்ட் விசைக்கு அருகிலேயே அமர்ந்தன. வலக்கை மவுஸை விடாமல் இருக்க, இடக்கை அவற்றை அடித்துவிடும். அருமையான ஏற்பாடு, ஆனால் மவுஸ் இடக்கையில் இருப்பவருக்கு அது தலைகீழ். அவர் ஒவ்வொரு நகலுக்கும் மவுஸை விட்டுக் கையைப் பலகைக்குக் கொண்டுவர வேண்டும், அல்லது வலக்கையைப் பலகையின் மறுகோடிக்கு நீட்ட வேண்டும். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் கணினி விளையாட்டுகளில் டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகள் நடமாடும் விசைகளாக நிலைபெற்றதும் இதே ஏற்பாட்டின் நீட்சிதான்.

இதற்கு ஒரு மாற்று அதே காலத்தில் இருந்தது என்பதை இன்று பலர் மறந்துவிட்டார்கள். ஐபிஎம் 1987இல் வெளியிட்ட இடைமுக விதிமுறைகளில் வெட்ட ஷிஃப்ட்டும் டெலீட்டும், நகலெடுக்கக் கன்ட்ரோலும் இன்சர்ட்டும், ஒட்ட ஷிஃப்ட்டும் இன்சர்ட்டும் குறிக்கப்பட்டன. செய்ததை மீட்க ஆல்ட்டும் பேக்ஸ்பேஸும். அனைத்தும் வலப்பக்கத்து விசைகள். 101 விசைப் பலகை வலப்புறமும் ஒரு கன்ட்ரோலைத் தந்திருந்ததால், மவுஸை இடக்கையில் பிடித்தபடி வலக்கையாலேயே இவற்றை முடித்துக்கொள்ளலாம். விண்டோஸ் முதலில் இந்த முறையைத்தான் பின்பற்றியது; தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மேக்கின்டாஷ் முறைக்கு மாறியது. ஆனாலும் பழைய முறையை எடுத்துவிடவில்லை. விண்டோஸின் பெரும்பாலான செயலிகளில் அது இன்றும் வேலை செய்கிறது. விசைகளை இடம் மாற்றாமல், புதிதாக எதுவும் வாங்காமல், இடக்கைக்காரருக்குக் கிடைக்கும் மிக மலிவான மாற்று இதுவே. அதோடு இது ஒன்றைத் தெளிவாக்குகிறது: இடக்கைக்காரரின் சிக்கல் பலகையில் இருந்ததைவிட, ஒரு கட்டளைக்கு ஒரே பக்கம்தான் என்று மென்பொருள் நிறுவனங்கள் எடுத்த முடிவில் அதிகம் இருந்தது.

இங்கே ஒரு வலுவான மறுப்பைச் சந்தித்தாக வேண்டும். இடக்கைக்காரர்களில் மிகப் பலர் மவுஸை வலக்கையிலேயே பிடிக்கிறார்கள், குறை சொல்வதும் இல்லை. அப்படியிருக்க இதெல்லாம் எதற்கு என்பது அந்த மறுப்பு. இன்னும் ஒரு படி மேலே போய், அவர்களுக்கு லாபமே உண்டு என்றும் சொல்லலாம். கணக்கு வேலையில் பேனா இடக்கையில் இருக்க, வலக்கை நம்பர் பேடில் ஓடும். வலக்கைக்காரரோ ஒவ்வொரு முறையும் பேனாவைக் கீழே வைத்தாக வேண்டும். இது உண்மைதான். ஆனால் இதிலிருந்து எல்லா இடக்கைக்காரர்களுக்கும் இது பொருந்தும் என்ற முடிவுக்குப் போக முடியாது. இடக்கைப் பழக்கம் இருக்கிறது அல்லது இல்லை என்று இரண்டாகப் பிரியும் விஷயமல்ல. 1971இல் ஆர். சி. ஓல்ட்ஃபீல்டு வெளியிட்ட எடின்பரோ கேள்விப்பட்டியல் எழுதுவது, எறிவது, கத்தரிப்பது, பல் துலக்குவது எனத் தனித்தனியாகக் கேட்டுக் கைப்பழக்கத்துக்கு மதிப்பெண் போடுகிறது. ஏனெனில் ஒருவரே ஒரு வேலைக்கு ஒரு கையையும் இன்னொன்றுக்கு மறு கையையும் பயன்படுத்துகிறார். இடக்கையால் எழுதி வலக்கையால் மவுஸ் பிடிப்பவருக்கு வலது நம்பர் பேட் சுமையாக நடுவில் நிற்கும். இரண்டையும் இடக்கையால் செய்பவருக்கு அது வசதியாக இருக்கலாம். எண்களைத் தன் திறமையான இடக்கையால் அடிக்க விரும்பும் மூன்றாமவருக்கு அது தவறான பக்கத்தில் இருக்கிறது. பழகிக்கொண்டார்கள் என்பது அவர்களின் சாமர்த்தியத்தைக் காட்டுகிறது. கருவி சரியாக இருக்கிறது என்பதற்கு அது சாட்சியாகாது.

இடக்கைக்கான கீபோர்டு என்று தேடுபவர் கையில் முதலில் சிக்குபவை பெரும்பாலும் ஒற்றைக்கைப் பலகைகள். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. டிவோராக் பிற்காலத்தில் ஒரு கையை இழந்தவர்களுக்காக இடக்கைக்கு ஒன்றும் வலக்கைக்கு ஒன்றுமாக இரண்டு வரிசைகளை அமைத்தார். பலகையின் நடுவில் ஒரே கை நிற்க, மிகுதியாக வரும் எழுத்துகள் அதன் விரல்களுக்கு அடியில் வரும். விண்டோஸில் அவை இன்றும் உண்டு. இங்கிலாந்தில் லிலியன் மால்ட்டும் ஸ்டீஃபன் ஹாப்டேயும் 1970களில் தொடங்கிய மால்ட்ரான் பலகைகளிலும் இடக்கைக்கும் வலக்கைக்கும் தனித்தனி ஒற்றைக்கை மாதிரிகள் வந்தன. டொராண்டோவில் எட்கர் மத்தையாஸ் 1993இல் வெளியிட்ட அரை க்வெர்ட்டி முறையில், ஸ்பேஸ் விசையை அழுத்திப் பிடித்தால் மறுபாதி எழுத்துகள் இந்தப் பாதிக்கு வந்துவிடும்; இரு கைகளால் பழகியதை ஒரு கை எளிதாக ஏற்றுக்கொள்ளும். அதை வலுக்குறைந்த கையால் அடித்து, திறமையான கையை மவுஸுக்கு விடுவதே நல்லது என்பது மத்தையாஸின் பரிந்துரை. அதாவது இடக்கைக்காரர் அதை வலக்கையால் அடிக்க வேண்டும். ஒரு கைக்கான பலகை என்பதும் அந்தக் கைப்பழக்கம் உள்ளவருக்கான பலகை என்பதும் எவ்வளவு வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

உண்மையிலேயே இடக்கைக்காரர்களை நோக்கி விற்கப்பட்டவை நம்பர் பேடையும் அம்புக்குறிகளையும் இடப்பக்கம் மாற்றிய பலகைகள். இவற்றில் ஒரு வேடிக்கை உண்டு. நம்பர் பேட் இடது கோடிக்குப் போனதும், வலப்பக்கம் மவுஸ் பிடிப்பவருக்குத்தான் தொலைவு குறைகிறது. ஆகவே இதே வகைப் பலகையை வலக்கைக்காரர்களின் தோள்வலிக்கு மருந்தாகவும் விற்கிறார்கள். மவுஸையும் எண்களையும் இடக்கையிலேயே வைத்துக்கொள்ள விரும்பும் இடக்கைக்காரருக்கோ, வலக்கைக்காரரின் பழைய நீட்டல் இப்போது இடப்பக்கம் வந்துசேர்கிறது. திருப்பிப்போட்டால் தவறும் திரும்பித்தான் வரும். எழுத்து வரிசையைத் திருப்புவதில் இன்னும் பெரிய தடை: பல்லாண்டுத் தட்டச்சுப் பழக்கத்தைக் கைவிட்டு, உலகில் வேறு எந்தக் கணினியிலும் பயன்படாத ஒன்றைக் கற்க யாரும் முன்வருவதில்லை.

பிரிக்கும் யோசனைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. ஜெர்மனியின் கிளாக்கன்பர்க் 1926இலேயே பலகையை இரண்டாகப் பிளந்து சாய்க்கச் சொன்னார், கே. எச். இ. குரோமர் 1972இல் பிளந்த பலகையைச் சோதித்துப் பார்த்தார். எண்பதுகளில் ஆஸ்திரேலிய அலுவலகங்களில் கைவலிப் புகார்கள் அலையாகக் கிளம்பிய பிறகு நிறுவனங்களும் அக்கறை காட்டின. 1993இல் ஆப்பிள் வெளியிட்ட பிளவுப் பலகையில் நம்பர் பேட் தனித் துண்டு. விரும்பிய பக்கம் வைக்கலாம். ஐபிஎம் 1987இலேயே நம்பர் பேட் இல்லாத பலகை ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. 1996இல் வந்த யூஎஸ்பி இணைப்பு மீதிச் சிக்கலைத் தீர்த்தது. அதுவரை பெரும்பாலான கணினிகளின் பின்னால் கீபோர்டுக்கு ஒரே துளை. இப்போது எத்தனை துண்டுகளை வேண்டுமானாலும் செருகலாம். நம்பர் பேட் இல்லாத பலகையில் வலது விளிம்பு 30 சென்டிமீட்டரிலிருந்து 22 சென்டிமீட்டருக்கு இறங்குகிறது. தனியாக வாங்கிய நம்பர் பேட் இடப்புறமோ வலப்புறமோ நிற்கிறது. கினிசிஸ் முதல் எர்கோடாக்ஸ் வரையிலான பிளவுப் பலகைகளில் என்டரும் பேக்ஸ்பேஸும் சுண்டுவிரலிலிருந்து கட்டைவிரலுக்கு வந்துவிட்டன. எது எந்தக் கையில் என்பதைப் பயனரே மென்பொருளில் எழுதிக்கொள்ளலாம். இவற்றில் ஒன்றுகூட இடக்கைக்காரர்களுக்கென்று செய்யப்பட்டதல்ல. வலிக்காகவும் மேசையில் இடம் மிச்சப்படுத்தவும் செய்தார்கள். பெருவாரியாக வாங்கியவர்கள் வலக்கைக்காரர்கள். அதனால் விலையும் எட்டியது, கடையிலும் கிடைத்தது. தங்களுக்கென்று தனிச்சரக்கு தேடி அலைந்த இடக்கைக்காரர்களுக்கு நல்ல தீர்வு பொதுச்சரக்காக வந்துசேர்ந்தது.

பொது அலுவலகங்களில் ஒரு மேசையைப் பலர் மாறி மாறிப் பயன்படுத்துகிறார்கள், அங்கே ஆளுக்கொரு பலகை எப்படி என்று கேட்கலாம். பிரிந்த துண்டுகளுக்கு ஆதரவாகப் பேசுவதும் இந்தக் கேள்விதான். நிரந்தரமாக ஒரு பக்கம் ஒட்டிய பலகை வரும் எல்லாரையும் ஒரே பக்கம் பழகச் சொல்கிறது. நம்பர் பேட் தனியாக இருந்தால் காலையில் வருபவர் வலப்புறமும் மாலையில் வருபவர் இடப்புறமும் நகர்த்திக்கொள்ள ஒரு நொடி போதும். செலவு கூடும் என்ற வாதமும் அவ்வளவாக நிற்காது. எண் விசைகள் தேவையே இல்லாத மேசைகளுக்கும் இன்று அவற்றைச் சேர்த்தேதான் வாங்குகிறோம். உண்மையான தடை வன்பொருளில் மிச்சம் இல்லை. கட்டளைக்கு இரு பக்கமும் வழி வைப்பதை மென்பொருள் செய்பவர்கள் மரியாதையாகக் கொள்ள வேண்டும். வாங்குபவர்கள் முழு அளவுப் பலகையை இயல்பு என்றும் மற்றதைச் சலுகை என்றும் கருதுவதை நிறுத்த வேண்டும். வலப்பக்கத்தை யாரும் ஒரே நாளில் கட்டவில்லை. தையல் மெஷின் கடை, கூட்டல் இயந்திரம், துளையட்டை, ஆராய்ச்சி நிலையம் என்று ஒவ்வொன்றும் தன் தேவைக்கு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தது. அந்தத் தேவைகளில் பலவும் காலமாகிவிட்டன. அவை விட்டுப்போன இடத்தில் எதை வைப்பது, எந்தப் பக்கம் வைப்பது என்பதை இனி மேசையில் உட்காருபவரே முடிவுசெய்யட்டும்.